சேத்துக்குள்ள ஒரு ஸ்கேன்!

கையில இரும்புக் கம்பி. காலுக்குக் கீழ டிகாக்‌ஷன் கலர்ல தண்ணி. கம்பியை ஒரு அழுத்து அழுத்தினா, அல்வாவுக்குள்ள விரல் விட்ட மாதிரி ஒரு மீட்டர் உள்ளே போகுது. அடுத்த கம்பியை அதோட தலையில திருகி மாட்டி மறுபடி அழுத்தணும். ரெண்டு மீட்டர்... மூணு மீட்டர்... நாலாவதுல ‘டொக்’!

அடிமண் வந்துடுச்சா? இல்ல, எப்பவோ விழுந்து புதைஞ்சுபோன ஏதோ ஒரு மரத்து மேல கம்பி முட்டிக்கிட்டு நிக்குதா? மேலே நிற்கிறவருக்குத் தெரியாது. நாலு அடி தள்ளிப் போய், மறுபடி முதல்லேர்ந்து குத்தணும்!

போர்னியோ தீவில் இந்தோனேஷியாவுக்குச் சொந்தமான பகுதிக்குக் கலிமந்தான் என்று பெயர். அங்கே இருக்கும் சதுப்புக் காடுகளின் ஆழத்தைக் காலம் காலமாக இப்படித்தான் அளக்கிறார்கள். ‘சேத்தோட ஆழத்தை அளந்து என்ன பாஸ் பண்ணப் போறாங்க?’ என்று கேட்பவர்கள், சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் சொந்தக்காரர் யாருக்காவது ஒரு போன் போட்டு, ‘ஹேஸ்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். கதை கதையாக வரும். 2015 செப்டம்பர் 25-ம் தேதி சிங்கப்பூரில் அத்தனை ஆரம்பப் பள்ளிகளுக்கும் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் லீவு. மழையில்லை, புயலில்லை. கடல் தாண்டி இந்தோனேஷியாவிலிருந்து வந்த புகை!

அந்த வருஷம் இந்தோனேஷியாவில் எரிந்தது 26 லட்சம் ஹெக்டேர். நஷ்டம் சுமார் 1,610 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்குப் போட்டது. எரிந்ததில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, நம்ம ஹீரோவான அந்தச் சேற்று நிலம். ஆமாம் மக்களே... அங்கே மரம் மட்டுமில்லை, மண்ணே எரியும்!

மக்காத மண்

அந்த மண்ணின் பெயர் பீட். ‘முற்றா நிலக்கரி’ என்று தமிழில் சொல்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். மரம், இலை, வேர் எல்லாம் விழுந்து மக்கினால் அதில் இருக்கும் கார்பன் காற்றுக்குத் திரும்பிப் போய்விடும். ஆனால், வருஷம் முழுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில் ஆக்சிஜன் இல்லை. அதனால் பாதி மக்கியும் மக்காமலும் அப்படியே அடுக்கடுக்காகப் படிந்துவிடுகிறது. வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிய விஷயம். அப்படியானால் 5 மீட்டர் பீட் என்பது சுமார் 5,000 வருஷத்துச் சேமிப்பு!

நமக்கு இது சம்பந்தமே இல்லாத சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். நீலகிரி மலை மேலேயே பீட் இருக்கிறது. அதைத் தோண்டி எடுத்து, அதிலிருக்கும் கார்பனை வைத்தே 20,000 வருஷத்துத் தட்பவெப்பக் கதையைப் படித்துச் சொன்னார்கள் சுகுமார், ரமேஷ் உள்ளிட்ட இந்திய விஞ்ஞானிகள். 1993-ல் ‘நேச்சர்’ இதழில் அது வந்தது. ஆனால் நீலகிரியில் இருப்பது சின்னச் சின்னத் திட்டுகள். கலிமந்தானிலும் சுமத்ராவிலும் இருப்பது கண்ணுக்கெட்டும் தூரம் வரை. சில இடங்களில் 10 மீட்டருக்கும் மேல் ஆழம். மூணு மாடி வீடு உள்ளே போய்விடும்!

உலகத்தின் தரைப் பரப்பில் பீட் நிலம் 3 சதவிகிதம்தான். ஆனால், மண்ணில் இருக்கும் மொத்த கார்பனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இது பிடித்து வைத்திருக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை பிரச்னை இல்லை. தண்ணீரை வடித்தால்தான் வினை. 1995-ல் அதிபர் சுகார்த்தோ ‘பத்து லட்சம் ஹெக்டேரில் நெல் விளைவிக்கிறேன் பார்’ என்று மத்தியக் கலிமந்தானில் ஒரு மெகா திட்டம் ஆரம்பித்தார். 4,000 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். நெல் வந்ததோ இல்லையோ, 1997-ல் எல் நினோ வறட்சி வந்தது. காய்ந்த பீட் பற்றிக்கொண்டது. திட்டத்தை அடுத்த ஓரிரு வருஷத்தில் ஊற்றி மூடிவிட்டார்கள். கால்வாய்கள் மட்டும் மிச்சம்.

அந்த 1997 தீயில் இந்தோனேஷியாவிலிருந்து வெளியேறிய கார்பன் எவ்வளவு? சூசன் பேஜ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானியும் அவரது குழுவும் 2002-ல் சொன்ன விடை: 81 கோடி டன்னிலிருந்து 257 கோடி டன் வரை. அந்த வருஷம் உலகம் முழுக்கப் பெட்ரோலும் நிலக்கரியும் எரித்து வந்த கார்பனில் 13 முதல் 40 சதவிகிதம்!

அந்த ரேஞ்சைக் கவனிச்சீங்களா? கீழ்க்கணக்குக்கும் மேல்கணக்குக்கும் மூணு மடங்கு வித்தியாசம். நம்ம லேப் ரெக்கார்டுல இப்படி ஒரு ரீடிங் எழுதினா, சார் நோட்டைத் தூக்கி வீசிடுவார். அவர்கள் மேல் தப்பில்லை. எவ்வளவு பரப்பு எரிந்தது என்பதே அன்றைக்கு உறுதியாகத் தெரியவில்லை. பரப்பாவது மேலே தெரிகிற விஷயம், சாட்டிலைட் பார்த்துச் சொல்லிவிடும். ஆழம்?

மூணு மீட்டர் கோடு

இந்த ஆழம் வெறும் விஞ்ஞானக் கணக்கு இல்லை. இந்தோனேஷியாவில் இது சட்டம். 3 மீட்டரும் அதற்கு மேலும் ஆழமுள்ள பீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று 1990-லேயே அதிபர் ஆணை போட்டார்கள். 2014-ல் தனி அரசு விதி வந்தது. 2015 தீக்குப் பிறகு 2016-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். ஆக, கம்பி 3.05 மீட்டர் காட்டினால் அது பாதுகாக்கப்பட்ட காடு. 2.95 காட்டினால் பாமாயில் தோட்டத்துக்கு வாசல் திறக்க வாய்ப்பு இருக்கிறது. நடுவில் இருப்பது 10 சென்டிமீட்டர். நம்ம சாண் அளவுகூட இல்லை!

அப்படித் தோட்டம் போட்டால் என்ன ஆகும்? தண்ணீரை வடித்ததும் பீட் சுருங்கும், மக்கும், தரையே கீழே இறங்கும். சுமத்ராவில் தோட்டங்களை அளந்து பார்த்ததில், முதல் ஐந்து வருஷத்தில் 1.42 மீட்டர் இறங்கியிருந்தது. அதன் பிறகு வருஷத்துக்கு 5 சென்டிமீட்டர். ஐம்பது வருஷத்தில் சேர்ந்தது ஒரே வருஷத்தில் காலி.

கம்பியால் அளப்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அது புள்ளிகளை மட்டும்தான் கொடுக்கும். இங்கே ஒரு குத்து, சில நூறு மீட்டர் தள்ளி அங்கே ஒரு குத்து. நடுவில்? ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்துவிட வேண்டியதுதான். அடிமண் சமதளமாக இருந்தால் தப்பித்தோம். நடுவில் ஒரு பழைய ஆற்றுப் பள்ளமோ மேடோ இருந்தால் அம்பேல்!

டைஎலெக்ட்ரிக் கான்ஸ்டன்ட்டுக்கு வந்த வாழ்வு

இங்கேதான் நம்ம டிபார்ட்மென்ட் என்ட்ரி! ஈ.சி.ஈ. மக்களுக்கு ‘ஃபீல்ட்ஸ்’ பேப்பர் என்றாலே வயிற்றைக் கலக்கும். அரியர் உற்பத்தி நிலையம் அது. ‘இந்த எப்சிலான் ஆர் எல்லாம் வாழ்க்கையில எங்கடா உதவப் போகுது?’ என்று போன செமஸ்டர் வரை நானும் புலம்பியவன்தான். கலிமந்தான் சேற்றில் உதவுகிறது.

ஜி.பி.ஆர். என்பது தரையைத் துளைத்துப் பார்க்கும் ரேடார். ஒரு ஆன்டெனா பூமிக்குள் ரேடியோ துடிப்பை அனுப்பும். பீட்டுக்கு ஏற்றது 50, 100 மெகாஹெர்ட்ஸ் மாதிரியான கீழ் ரேஞ்ச். நம்ம எஃப்.எம். ரேடியோ அக்கம்பக்கம்தான். கீழே வேறு ஒரு பொருள் வரும் எல்லையில் அந்தத் துடிப்பில் கொஞ்சம் எதிரொலித்துத் திரும்பும். இன்னொரு ஆன்டெனா அதைப் பிடிக்கும். போய் வந்த நேரம் தெரிந்தால் ஆழம் ரெடி. ஸ்வீடன், பின்லாந்து பக்கமெல்லாம் 1980-களிலேயே குளிர்ப்பிரதேச பீட்டில் இதை இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பீட் நிலத்தில் இது ஏன் அழகாக வேலை செய்கிறது? ஈரமான பீட்டில் சுமார் 90 சதவிகிதம் தண்ணீர். தண்ணீரின் டைஎலெக்ட்ரிக் கான்ஸ்டன்ட் 80 என்பதால் பீட்டுக்கு 60-ஐ ஒட்டி வரும். அதன் கீழே இருக்கும் மண்ணில் தண்ணீர் குறைவு, மதிப்பும் சட்டென்று இறங்கும். அந்த இடத்தில் ‘பளிச்’சென்று ஒரு எதிரொலி!

ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீங்க, நாலே வரி. வெற்றிடத்தில் ரேடியோ அலை ஒரு நானோ செகண்டுக்கு 30 சென்டிமீட்டர் போகும். பீட்டின் மதிப்பு 64 என்று வைத்தால், அதன் வர்க்கமூலம் 8. முப்பதை எட்டால் வகுத்தால் 3.75 சென்டிமீட்டர். ஆக 5 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப சுமார் 267 நானோ செகண்ட்.

சரி, 64-க்குப் பதில் 60 என்று நான் தப்பாக எடுத்துக்கொண்டால்? அதே 267 நானோ செகண்டுக்கு ஆழம் 5.16 மீட்டர் என்று வரும். 16 சென்டிமீட்டர் அவுட்! அதே தப்பை மூணு மீட்டர் கோட்டுப் பக்கம் செய்து பார்த்தேன். நிஜத்தில் 2.90 மீட்டர் இருக்கும் பீட் ஏறக்குறைய 3 மீட்டர் என்று காட்டுகிறது. மதிப்பை இந்தப் பக்கம் 68 என்று தள்ளினால், நிஜத்தில் 3.05 இருப்பது 2.96 ஆகிவிடுகிறது. சட்டத்தில் இருக்கும் காடு, கால்குலேட்டரில் காணாமல் போகிறது! அதனால்தான் ரேடார்காரர்களும் கம்பியைத் தூக்கி எறியவில்லை. நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்து, அங்கே வந்த நிஜ ஆழத்தோடு நேரத்தை ஒப்பிட்டு, அந்த நிலத்துக்கான வேகத்தை முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகுதான் ஆன்டெனாவை இழுத்துக்கொண்டு நடை.

ஏழு சென்டிமீட்டரில் 37 டன்!

மேற்குக் கலிமந்தானில் இதைச் செய்து பார்த்தது, அமெரிக்காவின் ஃப்ளோரிடா அட்லான்டிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸேவியர் கோமாஸ் தலைமையிலான குழு. ‘பயோஜியோசயின்சஸ்’ இதழில் 2015-ல் ரிசல்ட் வெளியானது. அடிமண் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும் இடங்களில் ரேடார் சொன்ன ஆழத்துக்கும் கம்பி சொன்ன ஆழத்துக்கும் 3 சதவிகிதத்துக்கும் குறைவான வித்தியாசம்தான். ‘அப்ப கம்பியே போதுமே, ரேடார் எதுக்கு?’ என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது.

ஆனால் அடுத்த வரி தூக்கிவாரிப் போட்டது. சராசரி ஆழத்தில் வெறும் 7 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்த இடத்திலேயே, கார்பன் கணக்கு ஹெக்டேருக்கு 37 டன் வரை மாறியது!

நம்பாமல் நானே போட்டுப் பார்த்தேன். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அதில் 1 சென்டிமீட்டர் தடிமன் என்றால் 100 கன மீட்டர். பீட்டைக் காயவைத்தால் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோதான் தேறும். மீதியெல்லாம் தண்ணி. ஆக 10 டன். அதில் பாதிக்குப் பாதி கார்பன், 5 டன். அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு 5 டன். ஏழுக்கு 35! அட, கரெக்டாத்தான் இருக்கு. இதைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றினால் இன்னும் 3.67-ஆல் பெருக்க வேண்டும். கோமாஸ் குழுவின் 37 டன், 136 டன் ஆகிவிடும். ஒரே ஒரு ஹெக்டேரில், ஒரு விரல் நீள வித்தியாசத்துக்கு. கார்பனைக் காப்பாற்றினால் காசு என்று சந்தை வந்துவிட்ட காலத்தில், இந்த விரல் நீளத்துக்கு யாரோ பணம் வாங்குகிறார்கள், யாரோ கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ரேடார் படத்தில் ஆழம் தவிர போனஸும் கிடைக்கிறது. புதைந்த மரக்கட்டைகள், மரம் வேரோடு சாய்ந்ததால் உண்டான குழிகள் எல்லாம் தெரிகின்றன. நம்ம கம்பிக்காரரை ‘டொக்’ என்று ஏமாற்றிய கட்டை, இதில் மாட்டிக்கொள்ளும்.

நல்லதையே சொன்னால் எப்படி? ரேடாருக்கும் ஒரு வில்லன் உண்டு, களிமண்! பீட் முடிந்து டக்கென்று மண் ஆரம்பித்தால் எதிரொலி தெளிவாக வரும். ஆனால் கலிமந்தானில் பல இடங்களில் பீட்டும் களிமண்ணும் கலந்த ஒரு கொழகொழ அடுக்கு நடுவில் தடிமனாக உட்கார்ந்திருக்கிறது. களிமண் மின்சாரத்தைக் கடத்தும். கடத்தும் பொருள் ரேடியோ அலையை உறிஞ்சிவிடும். அதனால் 5 மீட்டருக்கு மேல் ஆழம் போன இடங்களில் ரேடார் திணறியது.

சித்தப்பாவின் போர்வெல் மெஷின்

அங்கே கைகொடுத்தது இன்னொரு கருவி. கேட்டால் ‘இவ்ளோதானா!’ என்பீர்கள்.

எங்க ஊர்ல போர் போடறதுக்கு முன்னாடி ரெண்டு விதமா நீரோட்டம் பார்ப்பாங்க. ஒருத்தர் உள்ளங்கையில தேங்காயை வெச்சுக்கிட்டு நடப்பார். இன்னொருத்தர் ஒயரும் இரும்புக் குச்சியும் வெச்ச மெஷினோட வருவார். எங்க சித்தப்பா ரெண்டு பேரையும் கூப்பிட்டார், சேஃப்டிக்கு! அந்த ரெண்டாவது மெஷினுக்குப் பின்னால் இருக்கும் அதே தத்துவம்தான் கலிமந்தானில் ஈ.ஆர்.ஐ. என்ற பெயரில் போகிறது. பூமியின் மின்தடையைப் படமாக எடுப்பது.

மண்ணில் நாலு குச்சி நடணும். வெளியே இருக்கும் ரெண்டில் கரன்ட் விடணும். உள்ளே இருக்கும் ரெண்டில் வோல்டேஜ் அளக்கணும். ஓம் விதிதான், ப்ளஸ் டூ சரக்கு! குச்சிகளுக்கு நடுவே இடைவெளியை அதிகப்படுத்தினால் கரன்ட் இன்னும் ஆழமாக இறங்கும். ஒவ்வொரு தடவையும் பிடுங்கி நட வேண்டாம் என்பதற்காக வரிசையாகப் பல குச்சிகளை நட்டு, ஒரே கேபிளில் கோத்து, எந்த நாலு பேச வேண்டும் என்பதை மெஷினே மாற்றி மாற்றித் தேர்ந்தெடுக்கும். கடைசியில் கம்ப்யூட்டர் எல்லா ரீடிங்கையும் பிசைந்து கலர் கலராக ஒரு குறுக்குவெட்டுப் படம் தரும்.

மழைத் தண்ணீரை மட்டுமே நம்பி வளர்ந்த பீட்டில் உப்பு ரொம்பக் கம்மி. அதனால் மின்தடை அதிகம். கீழே களிமண்ணில் தடை குறைவு. ரேடாருக்கு வில்லனாக இருந்த அதே களிமண், இங்கே அடையாளம் காட்டும் ஹீரோ! ஆழமான பீட்டிலும், தடிமனான கலப்பு அடுக்கு இருந்த இடத்திலும் ஈ.ஆர்.ஐ.தான் ஜெயித்தது. ஆனால் ரேடாரின் சென்டிமீட்டர் துல்லியம் இதில் வராது. எல்லை கொஞ்சம் மசமசப்பாகத்தான் தெரியும். ஒண்ணோட பலவீனம் இன்னொண்ணோட பலம். குரூப் ஸ்டடி மாதிரி ரெண்டையும் சேர்த்துத்தான் உட்கார வைக்க வேண்டியிருக்கிறது.

மேலே பறந்தால்?

ஆன்டெனாவை இழுத்துக்கொண்டு காட்டில் எவ்வளவு தூரம் நடப்பது? இந்தோனேஷியாவின் பீட் நிலம் கோடிக்கணக்கான ஏக்கர். அதனால் ஆகாயத்துக்குப் போனார்கள். ஹெலிகாப்டருக்குக் கீழே பெரிய கம்பிச் சுருளைத் தொங்கவிட்டு, மின்காந்தத் துடிப்பைப் பூமிக்குள் அனுப்பி, களிமண்ணின் எல்லையைப் பிடிக்கும் முறையை இந்தோனேஷிய பீட்டில் சோதித்து, 2019-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மின்தடை வித்தியாசத்தைப் பிடிக்கும் அதே ஐடியாதான். குச்சி மட்டும் கிடையாது, மண்ணைத் தொடவே வேண்டாம். என்ன, ஹெலிகாப்டர் வாடகையைக் கேட்டால் மயக்கம் வரும்!

இந்தோனேஷிய அரசு இதற்காக ஒரு போட்டியே வைத்தது. 2016-ல் அறிவித்தார்கள். பீட்டின் ஆழத்தையும் பரப்பையும் சரியாக, சீக்கிரமாக, செலவு குறைவாக அளக்கும் முறையைக் கண்டுபிடிப்பவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு. காலேஜ் டெக் ஃபெஸ்ட்டில் ஐந்நூறு ரூபாய் ப்ரைஸுக்கே நாம அடிச்சுக்கிறோம்! 2018 பிப்ரவரியில் ரிசல்ட். இந்தோனேஷியா, ஜெர்மனி, நெதர்லாந்து என்று மூணு நாட்டு ஆட்கள் சேர்ந்த ‘இன்டர்நேஷனல் பீட் மேப்பிங் டீம்’ ஜெயித்தது.

அவர்கள் முறையில் சாட்டிலைட் இருக்கிறது. விமானத்திலிருந்து லேசரால் தரையின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் லைடார் இருக்கிறது. பீட் நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும், கவிழ்த்த தட்டு மாதிரி வளரும். அதனால் மேற்பரப்பின் உயரத்தை வைத்தே உள்ளே எவ்வளவு ஆழம் இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஓரளவுதான். அடிமண் எங்கே பள்ளம், எங்கே மேடு என்பதை லேசர் பார்க்க முடியாது.

அதனால், பத்து லட்சம் டாலர் ஜெயித்த அந்த முறையிலும் தரையில் அளந்த ஆழம் ஒரு பங்கு. முழங்கால் வரை சேற்றில் நின்று, ஒரு மீட்டர் கம்பியைத் திருகி மாட்டி, யாரோ ஒருத்தர் இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறார். ரெண்டு மீட்டர்... ரெண்டரை... மூணு...